கஞ்சி போடாத சட்டை

வாடிக்கையாளரின் பைகளைத் துழாவிப் பார்ப்பது எங்கள் தொழிலில் கடமை. அதை யாரும் எட்டிப்பார்க்கும் புத்தி என்று சொல்லக்கூடாது. ஒரு பேனா உள்ளே தங்கிவிட்டால் எந்திரத்தில் இருக்கும் அத்தனை துணியும் நீலமாகிவிடும். ஆகவே, மிட்சுபா கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் ஷிராஹாமா இகுகோ ஆகிய நான், இந்தத் தெருவில் யார் எந்த மருத்துவரைப் பார்க்கிறார், யார் எந்த மதுக்கடையின் தீப்பெட்டியை மனைவிக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் முப்பத்தாறு வருடமாகக் கடமையின் பேரில் மட்டுமே அறிந்து வருகிறேன். அறிந்ததைப் பரப்புவதில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்வேன். அவரும் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்வார்.

என் கணவர் ஷிகேஜிக்கு இந்தச் சுமை கிடையாது. இஸ்திரி எந்திரத்தின் மிதியை மிதிப்பார், ஆவி சீறும், சட்டை நிமிரும். நாளொன்றுக்கு அவர் பேசுவது மூன்று சொல். "சரி", "அப்படியா", "குளியல்". கல்யாணமான புதிதில் பிடிக்காமல் பேசாமல் இருக்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு, பேச்சை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். குடும்பம் நடத்த ஏதாவது ஒரு விளக்கம் வேண்டுமே.

குராமோச்சி தெய்ஜியின் பிழைப்பு முழுவதையும் நான் துணியிலேயே படித்தவள். முப்பத்திநான்கு வருடத்துக்கு முன் அவர் மனைவி மிட்சுயோவோடு, தோஃபு என்னும் சோயாக் கட்டி விற்கும் கடைக்கு மேல்மாடியில் குடிவந்தார். நடிகர் வருகிறார் என்று கேட்டதும் தெருவே தலையைச் சீவிக்கொண்டு நின்றது. வந்தவரைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்தது. சாமுராய்த் தொடர்களில் கதாநாயகனுக்கு முன்னால் ஓடிவந்து, "அடேய்!" என்று கத்தி, மூன்று விநாடிக்குள் வெட்டுப்பட்டுச் சாகிற ஆள் அவர். உடை ஸ்டூடியோவுடையது, உள்சட்டை அவருடையது. அதில் சர்க்கரைப் பாகில் செய்த ரத்தமும், கழுத்துப் பட்டியில் முகப்பூச்சும், ஜனவரி மாதம் ஆற்றில் விழுந்து செத்த வாரத்தில் பாசியும் ஒட்டிக்கொண்டு வரும். இறைச்சிக் கடை கன்பே, காலண்டருக்குப் பின்னால் கோடு போட்டு அவருடைய சாவுகளை எண்ணினான். நாற்பத்தொன்று வரை வந்தது.

அதன்பிறகு ஒரு துப்பறியும் தொடரில் பிணப் பரிசோதனை மருத்துவர். துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இறந்தது இரவு பத்திலிருந்து பன்னிரண்டுக்குள்" என்பார். மூன்று வருடம் அது ஒன்றுதான் வசனம். தெருவில் யாராவது அவரிடம் மணி கேட்டால் பதிலும் அதுவாகவே இருந்தது. அந்த மூன்று வருடம் அவருடைய துணியில் மருந்துக்கடை வாசனைகூட இல்லை, சுத்தமான பிழைப்பு.

அதற்கும் பிறகுதான் குரல். யாருக்கோ காய்ச்சல் வந்ததால் இவரை அழைத்தார்கள். ஹார்லன் கோட்ஸ் என்கிற அமெரிக்க நடிகருக்கு ஜப்பானிய மொழியில் பேச வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வெளிநாட்டு நடிகருக்கு ஒரு குரல் அமைந்துவிட்டால், படம் மாறினாலும் அது மாறாது, கல்யாணம் மாதிரி. கோட்ஸ் போலீஸாக வந்தாலும் பாதிரியாக வந்தாலும் வாயைத் திறந்தால் இருபத்தேழு வருடமாக வருவது தோஃபு கடை மாடிக்காரரின் குரல். கோட்ஸின் சொந்தக் குரலை ஒருமுறை கேட்டேன். யாரோ அந்நியன் அவர் வாய்க்குள் புகுந்துகொண்டு பேசுவதுபோல் இருந்தது. உடனே மாற்றச் சொல்லிவிட்டேன்.

அந்த வேலை கிடைத்த வாரத்தில் குராமோச்சி கடைக்கு வந்து ஒரு மாதிரி தயங்கி நின்றார்.

"இனிமே சட்டைக்குக் கஞ்சி வேண்டாங்க."

"ஏன், கழுத்தை அறுக்குதா?"

"இல்லீங்க. மைக் முன்னால கையைத் தூக்கினா, எனக்கு முன்னாடி சட்டை பேசிடுது."

பிறகு விவரம் சொன்னார். ஓர் அறையில் பத்துப் பேர், நாலே நாலு மைக். கையில் வசனத் தாளோடு ஒருவர் நழுவி விலக, இன்னொருவர் நழுவி உள்ளே வர வேண்டும். செருப்பு சத்தம் கூடாது, வளையல் கூடாது, வயிறு கூட உறுமக்கூடாது. தாளைத் திருப்புவதை மட்டுமே ஆறு மாதம் பழகினாராம். என் கடை ரசீதுப் புத்தகத்தை வாங்கித் திருப்பிக் காட்டினார். பனி விழுவதுகூட அதைவிடச் சத்தமாக விழும்.

அன்றிலிருந்து அவருடைய சட்டை எனக்குத் தனி வேலை. மென்மையாக்கும் மருந்தை நானே அளந்து கலப்பேன். காய்ந்ததும் இடது காதருகே வைத்துக் கசக்கிப் பார்ப்பேன். சட்டை ஏதாவது சொன்னால் மறுபடியும் தண்ணீர்தான். ஷிகேஜி ஒருமுறை அதைப் பார்த்து, "அப்படியா" என்றார்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சிப் படம்தான் காரணம். கோட்ஸ் அதில் மனைவியைப் பார்த்து, "இன்னைக்கு ரொம்பக் களைச்சுப் போயிட்ட, நீ உக்காரு" என்பார். "உன் சமையல் இல்லாம நான் எங்க போவேன்" என்பார். அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஷிகேஜி ஒரு தலையசைப்பு அசைப்பார். அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன் என்கிற அசைப்பு. இருபத்தேழு வருடமாக என் கணவர் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் குராமோச்சிதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு சட்டையைக் காதில் வைத்துக் கேட்டால் குறைந்தா போய்விடுவேன்?

இன்னொரு பழக்கமும் உண்டு குராமோச்சிக்கு. நடிப்புத் தொழிலில் எந்த நேரத்தில் சந்தித்தாலும் "காலை வணக்கம்" என்பார்களாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரயிலிறங்கி வரும்போதும் ஒவ்வொரு கடை வாசலிலும் "காலை வணக்கம்!" என்பார். முதலில் சிரித்தோம். பிறகு தெருவே அதற்குப் பழகிவிட்டது. அந்தக் குரல் கேட்டால் கன்பே பொரியல் சட்டியில் கொரொக்கே என்கிற உருளைக்கிழங்கு வடையைப் போடுவான். நான் வாசல் விளக்கைப் போடுவேன்.

இந்த வருடம் வசந்தத்தில் ஹார்லன் கோட்ஸ், எண்பத்திரண்டு வயதில், இதுவே என் கடைசிப் படம் என்று அறிவித்தார். ஏரியில் படகோட்டும் ஒரு கிழவரின் கதை. குராமோச்சி சட்டையைக் கொடுக்க வந்தபோது சொன்னார்: "ஜூன் இருபத்திமூணு ஒலிப்பதிவுங்க. அவரை நல்லபடியா வழியனுப்பிட்டு வந்துட்டா எனக்குப் போதும்." அறுபத்தெட்டு வயது மனிதர், பள்ளிக்கூடப் பையில் புதுப் புத்தகம் வைத்திருப்பவர்போல் நின்றார்.

மழைக்காலம் தொடங்கிய ஜூன் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, முகக்கவசத்தோடு வந்து ஒரு கோட்டை நீட்டினார். பேசவில்லை. தொண்டையைக் காட்டி, ஜலதோஷம் என்பதுபோல் கையசைத்துவிட்டுப் போனார். நான் கடமையைச் செய்தேன். உள்பையில் நாலாக மடித்த தாள். மருத்துவமனைத் தாள். பேனா ஏதாவது சுற்றி வைத்திருக்கிறதோ என்று விரித்துப் பார்த்தேன்.

குரல் நாணில் இருந்த கட்டி அகற்றப்பட்டுள்ளது. பதினெட்டாம் தேதி வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது. தொண்டையைச் செருமுவதும் கூடாது. மீறினால் குரல் பழையபடி திரும்பாது.

தாளின் பின்புறம் அவருடைய கையெழுத்து: "20, குரல் சோதனை. தேறாவிட்டால் ஹயாமி."

ஹயாமி யார் என்று எனக்குத் தெரியும். நாற்பது வயது, நல்ல குரல்தான், கோட்ஸுக்குப் பொருந்தாது. கண்ணாடி டம்ளரில் ஊற்றிய தேன்மாதிரி குரல். கோட்ஸுக்கு மண் கோப்பை வேண்டும்.

தாளை மடித்து, கோட்டின் பையிலேயே திரும்ப வைத்து, அன்று சாயங்காலமே கோட்டைக் கொண்டுபோய் அவர் வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டேன். பிறகு ஒரே ஒருவரிடம் சொல்ல இறைச்சிக் கடைக்குப் போனேன். அங்கே மருந்துக்கடை உசுகி அம்மாவும் இருந்ததால் இரண்டு பேராகிவிட்டது.

"அதான் பார்த்தேன்," என்றான் கன்பே. "காலையில நான் வணக்கம் சொன்னேன் அக்கா. வாயைத் தொறந்துட்டாரு. அப்புறம் தொண்டையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. எலும்பு மாட்டிக்கிச்சோன்னு நெனச்சேன்."

"அடப்பாவி, அவருக்கா வணக்கம் சொன்னே!" என்றேன். "வணக்கம் சொன்னா பதில் சொல்லாம போற மனுஷனா அவரு? முப்பத்திநாலு வருஷப் பழக்கம், நாக்கு தானா கெளம்பிடும்."

"தலையை மட்டும் குனிஞ்சா போதாதா?"

"அவருக்குச் சத்தமில்லாம குனியத் தெரியாதுடா."

எழுபது வயது உசுகி அம்மா இந்தத் தெருவில் ரகசியங்களின் மருந்துப் பெட்டி. மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்: "மிட்சுயோ வேற ஊர்ல இல்ல. கனசாவாவுல இருக்கற மகளுக்குப் பிரசவம். அதனால கடை கண்ணிக்கு அவரேதான் வரணும். ஒரு நாளைக்கு இருபது வணக்கம். ரெண்டு வாரம். அதுல ஒண்ணு தவறி வெளிய வந்தாலும் போச்சு."

"நமக்குத் தெரியும்னு அவர்கிட்டச் சொல்லிட்டா என்ன?" என்றான் கன்பே.

"எப்படித் தெரியும்னு கேப்பாரே," என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"அதுவும் இல்லாம," என்றார் உசுகி அம்மா, "தொண்டையில கத்தி வெச்ச சேதி வெளிய பரவினா அடுத்த வேலை வராதுன்னுதானே மறைச்சு வெச்சிருக்காரு. தெருவுக்கே தெரியும்னா தூக்கம் வருமா? தெரியாதமாதிரி இருக்கறதுதான் மரியாதை."

முடிவு என்னுடையது, பழியும் என்னுடையது. யாரும் அவருக்கு வணக்கம் சொல்லக்கூடாது. கண்ணைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் குனிவார், குனிந்தால் குரல் வரும். பத்து நிமிடத்தில் பதினேழு கடைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

நாங்கள் எங்கள் பங்கை நன்றாகவே செய்தோம். அவர் தலை தெரிந்தால் கன்பே கல்லாப்பெட்டிக்குக் கீழே எதையோ தேடுவான். காய்கறிக்காரர் முள்ளங்கியின் பக்கம் திரும்பிக்கொள்வார். தோஃபு கடைக்காரர் கதவைப் பாதி இறக்கிவிடுவார். நான் ஹாங்கர் எண்ணுவேன்; அந்த இரண்டு வாரத்தில் என்னிடம் எத்தனை ஹாங்கர் இருக்கிறது என்பது எனக்கு உறக்கத்திலும் தெரிந்திருந்தது. குராமோச்சி குடையும் முகக்கவசமுமாக வருவார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கொரொக்கேயைச் சுட்டிக் காட்டுவார். கன்பே குளிர்பெட்டியைப் பார்த்தபடியே பொட்டலத்தைப் பின்னால் நீட்டுவான்.

செவ்வாய்க்கிழமை அவர் இன்னொரு காரியமும் செய்தார். எரிக்கும் குப்பை மட்டுமே போட வேண்டிய நாளில் தகர டப்பாக்களைப் பையில் கட்டி வைத்துவிட்டார். மிட்சுயோ இல்லாத வீடு, பாவம். குப்பை வண்டிக்காரர் சிவப்புச் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுப் போனார். சீட்டு ஒட்டிய பையைத் தெரு முழுக்கப் பார்ப்பதற்குள் நான் எடுத்துவந்து என் கடையின் பின்பக்கம் வைத்து, வியாழக்கிழமை தகரத்தோடு தகரமாகப் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. நம்புங்கள்.

ஒரு வாரம் ஆனபோது அவர் கடைத்தெரு வழியாக வருவதை நிறுத்திவிட்டார். பின்சந்தில் சுற்றிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு போனார். "பாத்தீங்களா, திட்டம் எப்படி நடக்குதுன்னு!" என்று நான் ஷிகேஜியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஷிகேஜி மிதியிலிருந்து காலை எடுத்தார். "தப்பு," என்றார்.

"என்ன தப்பு?"

மறுபடியும் மிதித்துவிட்டார். ஆவி சீறியது. என் கணவரிடம் விளக்கம் எதிர்பார்ப்பது, அணைத்த வானொலியிடம் செய்தி எதிர்பார்ப்பது.

பதினாறாம் தேதி, வியாழக்கிழமை. இன்னும் இரண்டு நாள் பாக்கி. காலை பத்து மணிக்கு, அந்தப் புழுக்கத்தில், கறுப்புக் கோட்டும் டையுமாக குராமோச்சி என் கடைக்குள் நுழைந்தார். முகக்கவசம் இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. கையில் இனிப்புக் கடையின் பெரிய பை. அவர் அதை மேஜைமேல் வைத்தபோது வந்த 'தொப்' என்ற சத்தத்திலேயே உள்ளே என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயறு இனிப்புக் கட்டி. ஒவ்வொரு பெட்டியும் செங்கல் கனம். எங்கள் ஊரில் நன்றி சொல்லப் போனால் லேசான பிஸ்கட் வாங்குவார்கள். பெரிய தவறுக்கு மன்னிப்புக் கேட்கப் போனால்தான் இதை வாங்குவார்கள். எடை எவ்வளவோ அவ்வளவு வருத்தம்.

அப்போதுதான் ஷிகேஜியின் ஒற்றைச் சொல் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் நாங்கள் அவரைக் காப்பாற்றவில்லை. கண்ணைப் பார்க்காமல், வணக்கம் சொல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு... ஒரு மனிதரை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

குராமோச்சி ஒரு பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். இடுப்பிலிருந்து வளைந்தார். நிமிர்ந்தார். மூச்சை இழுத்தார். நடிகர்கள் முக்கியமான வசனத்துக்கு முன்னால் இழுக்கும் மூச்சு, எனக்கு அது தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். வாய் திறந்தது.

"வேண்டாம்!" என்று நான் கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு, மன்னிப்பை ஏற்க மறுக்கிறேன் என்று நினைத்து, இன்னும் ஆழமாக வளைந்தார். மறுபடியும் மூச்சு.

புஸ்ஸ்ஸ்! ஷிகேஜி மிதியை மிதித்தார். ஆவி கடையை நிரப்பியது. குராமோச்சி நிறுத்தினார். சத்தம் அடங்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார். மைக் முன் நின்று பழகியவர். பின்னால் சத்தம் இருந்தால் வசனம் பேசமாட்டார். அடங்கியதும் வாயைத் திறந்தார். புஸ்ஸ்ஸ்! மூன்றாம் முறை. புஸ்ஸ்ஸ்! அந்த வெள்ளைப் புகைக்குள் நாங்கள் மூவரும் வெந்நீர்க் குளத்துக் குரங்குகள்போல் நின்றோம்.

பிறகு என் கணவர், அந்த மாதத்துக்கான மொத்தப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினார். "பேசாதீங்க குராமோச்சி சான். உங்க கோட்டுப் பையில இருந்த தாளை இவ படிச்சுட்டா. தெரு முழுக்கச் சொல்லிட்டா. நீங்க பதில் சொல்லிடக்கூடாதுன்னுதான் யாரும் வணக்கம் சொல்லல."

முப்பத்தாறு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை. அதிலேயே என் மானம் போனது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு குனிந்தேன். "மன்னிச்சுக்குங்க. பேனா இருக்கும்னு நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார், ஷிகேஜியைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த ரசீதுப் புத்தகத்தை இழுத்து, பென்சிலால் எழுதித் திருப்பிக் காட்டினார்.

"குப்பைக்காக இல்லையா?"

"என்ன குப்பை?"

"செவ்வாய்க்கிழமை. தகர டப்பா. பையைக் காணோம். யாரோ எடுத்துப் பார்த்துட்டாங்க, அதான் தெருவே கோபமா இருக்குன்னு நெனச்சேன்." இதையும் எழுதிக் காட்டினார்.

"ஐயோ, அதை எடுத்தது நான்தாங்க! வியாழக்கிழமை போட்டுட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மை பேசுகிற நாளாயிற்றே என்று சேர்த்துக்கொண்டேன்: "டப்பாவைக் கழுவிட்டு வேற போட்டிருக்கலாம்."

அவருடைய தோள்கள் குலுங்கின. முதலில் அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டுச் சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு. நாற்பத்தொரு தடவை செத்தவர் இப்போதுதான் சாகப்போகிறார் போலிருந்தது.

"ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்குமே," என்றேன் நான். "பேசியிருந்தா கோட்ஸ் போயிருப்பாரு. அந்த ஹயாமிப் பையன் வந்திருப்பான். எதுக்கு இப்படி..."

அவர் மெதுவாக எழுதினார். "சனிக்கிழமை மிட்சுயோ வர்றா. அவளை யாரும் முகம் பார்க்காத தெருவுக்கு எப்படிக் கூட்டிக்கிட்டு வர்றது? மன்னிப்பைச் சீட்டுல எழுதிக் கொடுத்தா அது மன்னிப்பா? ஒரே ஒரு வாக்கியம்தான் பேசலாம்னு வந்தேன்."

இருபத்தேழு வருடக் குரலை அவர் ஒரு வாக்கியத்துக்காகக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்திருந்தார், இனிப்புக் கட்டியோடு. நான் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஷிகேஜி ஒரு துவாலையை எடுத்து நீட்டினார். எங்கள் இருவருக்கும் பொதுவாக.

பையில் இன்னும் நாலு பெட்டி இருந்தது. அவர் அதைத் தூக்கினார். மன்னிப்புக்கு இனி அவசியமில்லை என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு எழுதினார்: "அப்போ இது நன்றி. கொஞ்சம் கனமான நன்றி."

"சரி. ஆனா நீங்க வாயைத் தொறக்கக்கூடாது. நான் வர்றேன். நான் பேசறேன்."

இப்படியாக, ஹார்லன் கோட்ஸின் குரலுக்கு ஒரு நாள் குரல் கொடுத்தது சலவைக்கடை இகுகோ. அவர் முன்னால் போய் வளைவார். ஒரு அடி பின்னால் நின்று நான் பேசுவேன். தொடக்கத்தில் சொல்லும் அசைவும் பொருந்தவில்லை. அவர் நிமிர்ந்து வெகுநேரமாகியும் நான் முடிக்கவில்லை.

"உங்க எல்லாருடைய அன்புக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன்!" என்றேன் இறைச்சிக் கடையில், கனத்த ஆண்குரலில். "குறிப்பா, சலவைக்கடை இகுகோ சான் ராப்பகலா எனக்காகப் பட்ட பாடு இருக்கே..."

குராமோச்சி திரும்பி என்னை முறைத்தார்.

"அக்கா," என்றான் கன்பே, "இவ்வளவு பேசற ஆளா இவரு? அசல்ல இந்த வசனம் இருக்கா, நீங்களா சேக்கறீங்களா?"

பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்: குளிர்பெட்டியைப் பார்த்தபடி நீட்டிய பொட்டலங்களை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை. கன்பேவின் முகம் அவன் விற்கும் ஈரல்போல் ஆகிவிட்டது. "அண்ணே, நான்... கீழ உக்காந்து உங்களுக்குப் பெரிய கொரொக்கேயாத்தானே பொறுக்கிப் போட்டேன்!" என்றான். குராமோச்சி கையை அகட்டி, ஆமாம், பெரியதாகத்தான் இருந்தது என்று காட்டினார். கன்பே மூக்கை மேலங்கியில் துடைத்துக்கொண்டான். மேலங்கி மறுநாள் என்னிடம் சலவைக்கு வந்தது.

உசுகி அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு அவருக்குப் பதில், எனக்கு ஒரு பார்வை கொடுத்தார். "தெரியாதமாதிரி இருன்னு சொன்னேன். ஆளே இல்லாதமாதிரி இருன்னா சொன்னேன்?" அந்தம்மா அப்படித்தான், மருந்தில் பக்க விளைவு வந்தால் சாப்பிட்டவர் மேல்தான் தப்பு.

மீதி இரண்டு நாளும் தெருவில் பார்க்க வேண்டிய காட்சி. அவர் வந்தால் பதினேழு கடைக்காரர்களும் வாசலுக்கு வந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரே நேரத்தில் குனிந்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து அவளும் குனிந்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை மிட்சுயோ பெட்டியோடு வந்து இறங்கியபோது, கணவன் ஊமையாகவும் தெரு முழுக்க ஊமையாகவும் இருப்பதைக் கண்டு, "நான் மூணு வாரம்தானே இல்ல!" என்றாள்.

பத்தொன்பதாம் தேதி சட்டை தயாரானது. நான்கு தடவை காதில் வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் தடவை ஷிகேஜி வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். "சரி," என்றார்.

இருபதாம் தேதி, திங்கட்கிழமை. குராமோச்சி காலையில் குரல் சோதனைக்குப் போனார். மதியம் முழுக்க எனக்கு எந்தப் பையும் துழாவ மனம் வரவில்லை. எந்திரத்துக்குள் ஒரு பேனா போய்விட்டது, நீலமான மூன்று சட்டைக்காக நான் பிறகு மன்னிப்புக் கேட்டது தனிக் கதை. நாலு மணிக்கே கன்பே தன் கடையை விட்டுவிட்டு என் கடையில் வந்து நின்றான். உசுகி அம்மா தலைவலி மருந்தைத் தானே போட்டுக்கொண்டு வந்தார். மழை விட்டிருந்தது. ஐந்து மணி ரயில் வந்து போன சத்தம் கேட்டது. ஆட்கள் வந்தார்கள், குடைகள் வந்தன. அவர் வரவில்லை.

"தேறலையோ," என்றான் கன்பே. "பின்சந்து வழியா போயிட்டாரோ."

"வாயைக் கழுவுடா."

அப்போது தெருமுனையில், மீன்கடைப் பக்கம், கொஞ்சம் கரகரத்து, ஆனால் மண் கோப்பையில் ஊற்றியது ஊற்றியபடியே ஒரு குரல்:

"காலை வணக்கம்!"

மீன்கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. ஏனென்றால் கன்பே அலறிக்கொண்டு தன் பொரியல் சட்டிக்கு ஓடினான். "காலை வணக்கம்!" தோஃபு கடை. "காலை வணக்கம்!" காய்கறிக் கடை. ஒவ்வொன்றாக, ஒரு வாசலையும் விடாமல், பதினாலு நாள் பாக்கியையும் சேர்த்துக் கொடுப்பவர்போல் அவர் வந்துகொண்டிருந்தார். நான் வாசல் விளக்கைப் போட்டேன்.

என் மேஜை முன் வந்து நின்றார். "காலை வணக்கம், இகுகோ சான்."

"மணி அஞ்சரை ஆச்சு," என்றேன். வேறு ஏதாவது சொன்னால் அழுதுவிடுவேன்.

பிறகு அவரே சொன்னார். முதல் சொல்லிலேயே குரல் ஓரத்தில் பிசிறடித்ததாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் குனிந்து எதையோ தேடினார். சரி, ஹயாமிதான் என்று இவர் தாளை மூடப்போனார். அப்போது இயக்குநர் கோட்ஸின் சொந்தக் குரலை ஓடவிட்டிருக்கிறார். படகோட்டிக் கிழவரின் குரலும் அதே ஓரத்தில் பிசிறடித்தது. "ரெண்டு பேரும் சொல்லிவெச்சமாதிரி கிழவனாகியிருக்கீங்க," என்றாராம் இயக்குநர். "வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க."

"சட்டை?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை பேசல."

"அதுக்காவது வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியுது," என்றார் உசுகி அம்மா என்னைப் பார்த்து.

நவம்பரில் படம் வந்தது. கடைத்தெரு ஒரு நாள் மதியம் மொத்தமாகக் கதவை இறக்கிவிட்டு, ஷின்ஜுகுவில் ஒரு தியேட்டரில் இரண்டு வரிசையை நிரப்பியது. குராமோச்சியும் மிட்சுயோவும் பின்வரிசையில், யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கன்பே படகு கரையை விட்டுப் புறப்பட்டதிலிருந்தே அழுதான். யாரும் சாகவில்லை என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் படகோட்டிக் கிழவர் துடுப்பை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்புகிறார். அந்தக் கரகரத்த குரலில், அவசரமில்லாமல், "இத்தனை நாள் கூட இருந்தியே, அதுக்கு நன்றி" என்கிறார். நான் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் பார்த்தேன். ஷிகேஜி வழக்கமான அந்தத் தலையசைப்பை அசைத்தார். இந்தத் தடவை இரண்டு முறை.

மற்றவர்கள் படம் பார்த்தார்கள். நான் இரண்டு மணி நேரமும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன். ஏரித் தண்ணீர் கேட்டது, துடுப்பு கேட்டது, குராமோச்சி மூச்சை இழுப்பது கேட்டது. தாள் திரும்பியது கேட்கவில்லை. துணி கேட்கவில்லை.

விளக்கு வந்ததும் ஷிகேஜி எழுந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

"சத்தமே இல்ல," என்றார்.

அன்றைக்கான மூன்றில் இரண்டை நான் வெளுத்த சட்டைக்காகச் செலவழித்திருந்தார். மிச்சம் ஒன்றைக் குளியலுக்கு வைத்துக்கொண்டார்.